கேப் ரிவால்வர்: மாதிரிகளைச் சேர்ப்பதும் ‘மாற்றுவதும்’

நாணயம், தபால்தலை, கிராமபோன் தட்டு பற்றிய முந்தைய அத்தியாயங்களில் சட்டத்தைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தேன். துப்பாக்கிக்கு அது சரிப்படாது. இங்கே சட்டம்தான் வாசற்படி. அதைப் படிக்காமல் வாங்கியவருக்கு அலமாரியில் பொருளும் தங்காது, கொடுத்த பணமும் திரும்பாது, கோர்ட் வாசலில் நிற்பதுதான் மிச்சம்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குப் பிள்ளைகள் கையில் இருக்கும் ரோல் கேப் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்தால் குதிரை விழுந்து, காகிதச் சுருளில் இருக்கும் பொட்டு மருந்தை அடிக்கிறது. 1850களில் ராணுவ அதிகாரிகள் இடுப்பில் மாட்டிக்கொண்டு போன ரிவால்வரும் அப்படித்தான் வேலை செய்தது. அங்கே காகிதத்துக்குப் பதிலாகச் செம்பில் செய்த சிறு தொப்பி. சிலிண்டரின் ஒவ்வோர் அறைக்கும் பின்னால் ஒரு காம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதன் தலையில் தொப்பியை மாட்டுவார்கள். கரிமருந்தையும் ஈய உருண்டையையும் அறையின் முன்பக்கமாக இடுவார்கள். உலோகத் தோட்டா என்ற பேச்சே இல்லை. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய ரிவால்வர் இந்த வகை. 1870களின் தொடக்கம் வரை இதுதான் ஓடியது.

இதன் மாதிரிகள் இன்று இரண்டு வகையாகக் கிடைக்கின்றன. ஒன்று, பழையதைப் போலவே எஃகில் செய்து, பழையதைப் போலவே சுடக்கூடியது. பெரும்பாலும் இத்தாலியில் செய்வது. இன்னொன்று, துத்தநாகக் கலவையில் வார்த்து, மரக் கைப்பிடி போட்டு, எந்தக் காலத்திலும் சுட முடியாதபடி செய்த காட்சி மாதிரி. ஸ்பெயினின் மெனோர்க்கா தீவிலுள்ள டெனிக்ஸ் நிறுவனம் இதில் பேர்போனது. சென்னை சாந்தோமில் குடியிருப்பவர் சேர்க்க வேண்டியது இரண்டாவது வகையை மட்டும். முதல் வகை இந்தியச் சட்டத்தின் கண்ணில் மாதிரியே அல்ல, அசல் துப்பாக்கி.

பிரிவு 45: பாதியில் நிறுத்தாமல் படியுங்கள்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் பிரிவு 45, உட்பிரிவு ‘சி’ என்று ஒன்று உண்டு. பழம்பொருள் கடைக்காரர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். “பழைய மாடல் சார், ஆன்டிக், லைசென்ஸே வேண்டாம்” என்பது அந்தப் பாதி. வழக்கொழிந்த மாதிரியோ, தொல்பொருள் மதிப்புள்ளதோ, பழுதானதோ, அது பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்பட முடியாததாக இருக்க வேண்டும் என்பது மீதி. இந்த மீதியில்தான் எல்லாம் இருக்கிறது. 1851 மாடல் கோல்ட் ஒன்றில் வில் உடைந்து குதிரை ஏறாமல் கிடக்கிறது என்று வையுங்கள். வில்லை மாற்றினால் சுடும். ஆகவே விலக்கு இல்லை.

2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தியது. குரியோ எனப்படும் அரும்பொருள் வகையில் வரும் சிறு துப்பாக்கிகளை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை, ஆனால் அவற்றைப் பயன்படுத்தவோ எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும் என்பது அந்தத் திருத்தத்தின் சாரம். பல சேகரிப்பாளர்கள் இதைக் கேட்டுத் துள்ளினார்கள். நான் துள்ளவில்லை. கையிலிருக்கும் பொருள் குரியோவா இல்லையா என்று தீர்மானிப்பது நீங்களோ கடைக்காரரோ அல்ல. எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும் என்றால், கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதே எடுத்துச் செல்வதுதானே? சென்னையில் உரிமம் தரும் அதிகாரி மாநகரக் காவல் ஆணையர், அலுவலகம் வேப்பேரியில். பொருளின் படம், முத்திரைகளின் படம், எங்கே எப்படிக் கிடைக்கிறது என்ற விவரம் எல்லாம் வைத்து முதலில் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கொடுங்கள். வாய்மொழிப் பதில் எவ்வளவு பெரிய அதிகாரியிடமிருந்து வந்தாலும் காகிதத்துக்கு ஈடாகாது.

உரிமம் வாங்கியே சேர்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி ஒருவர் பெயரில் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான். முன்பு 3 இருந்தது. இரண்டை வைத்துக்கொண்டு சேகரிப்பு என்று சொல்ல முடியாது. சுடாத மாதிரிகளை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது ‘மாற்றுவது’. சுடாத மாதிரியைச் சுடும்படி மாற்றுவதையும், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் பிரிவு 6 உரிமமின்றிச் செய்யத் தடை செய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறை, ஆயுள்வரை போகலாம். பழுதுபார்ப்பதற்கே பிரிவு 5இன் கீழ் உரிமம் வேண்டும். அம்பத்தூரிலோ கிண்டியிலோ தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் “அண்ணே, இந்தக் குழலைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க” என்று நீட்டினால், உங்களோடு சேர்ந்து அவரும் மாட்டுவார். வேறு தவறு செய்யாத ஒரு தொழிலாளியை அந்த நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்தவற்றையும், அவற்றின் கேப் வகை மாதிரிகளையும் ‘ஆன்டிக்’ என்று ஒதுக்கி வைக்கிறது. அதனால் அங்கே கரிமருந்து ரிவால்வரைத் தபாலில் வாங்குகிறார்கள், கடையில் விற்கும் மாற்றுச் சிலிண்டரையும் வாங்கிப் போடுகிறார்கள். அதே பெட்டி மீனம்பாக்கத்தில் சுங்க மேசைக்கு வந்தால் அனுமதியில்லாத துப்பாக்கி இறக்குமதி. சுடாத மாதிரியைக்கூட வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்காதீர்கள். துப்பாக்கி உருவத்தைப் பார்த்துப் பார்சலை நிறுத்தி வைத்தால், அது பொம்மை என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். உள்நாட்டு விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். பில்லில் ‘சுட இயலாத காட்சி மாதிரி’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை.

எதைத் தேடுவது

மூன்று மாடல்கள் போதும், ஒரு நல்ல வரிசை அமைந்துவிடும்.

முதலாவது 1851 நேவி கோல்ட். 36 காலிபர், ஆறு அறை, எட்டுப் பட்டைக் குழல், குழலின் நீளம் ஏழரை அங்குலம். அசலின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. இதன் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி செதுக்கியிருக்கும். 1843 மே 16 அன்று டெக்சாஸ் கடற்படையும் மெக்சிகோ கடற்படையும் மோதிய சண்டை அது. டபிள்யூ. எல். ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞர் வரைந்தது. மட்டமான மாதிரியில் கப்பல்கள் குழம்பி, பாய்மரம் எது அலை எது என்று தெரியாது. நல்ல வார்ப்பில் பூதக்கண்ணாடி வைத்தால் கயிறுகள்வரை தெரியும். கடைக்குப் போகும்போது பூதக்கண்ணாடியை எடுத்துப் போங்கள், சிலிண்டரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மாதிரியின் தரத்தை அளக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

இரண்டாவது 1860 ஆர்மி, 44 காலிபர். உருண்டைக் குழல், பார்க்க வழவழவென்று இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் கையில் அதிகம் இருந்தது. அழகில் கோல்ட் செய்த ரிவால்வர்களிலேயே இதற்குத்தான் என் ஓட்டு.

மூன்றாவது ரெமிங்டன். கோல்ட் ரிவால்வர்களின் மேற்பக்கம் திறந்தே இருக்கும், சிலிண்டருக்கு மேலே பாலம் கிடையாது. ரெமிங்டனில் மேலே எஃகுப் பட்டை ஒன்று ஓடிச் சட்டகத்தை இறுக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால், பிற்காலத்து ரிவால்வர்கள் ஏன் ரெமிங்டன் பக்கம் சாய்ந்தன என்பது விளக்காமலே புரியும்.

நம் ஊர்ச் சரித்திரத்துக்கு நெருக்கமானது உண்மையில் இந்த மூன்றும் அல்ல, ஆங்கிலேயர் ராபர்ட் ஆடம்ஸ் 1851இல் கொண்டுவந்த ரிவால்வர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள் ரிவால்வரைத் தங்கள் சொந்தப் பணத்தில்தான் வாங்கிக்கொண்டார்கள். கோல்ட் லண்டன் பிம்லிகோவில் 1853இல் தொழிற்சாலை திறந்து இந்த வியாபாரத்தைப் பிடிக்கப் பார்த்தார், நான்கு ஆண்டுகூட அது தாக்குப்பிடிக்கவில்லை. ஆடம்ஸின் குண்டு பெரிது. விசையை இழுத்தாலே குதிரை ஏறி விழும், கட்டைவிரலால் ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டியதில்லை. 1856இல் பியூமான்ட் என்ற ராணுவ அதிகாரியின் திருத்தம் சேர்ந்து, இரண்டு விதமாகவும் சுடலாம் என்றானது. அடுத்த ஆண்டே வடக்கே சிப்பாய்க் கலகம் வெடித்தது. அடித்துப்பிடித்து நடக்கும் கைகலப்பில் எது உதவும் என்று அன்றைய அதிகாரிகளுக்குள் பெரிய வாக்குவாதமே ஓடியது. சுடாத ஆடம்ஸ் மாதிரி கடைகளில் அரிது. கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கோடம்பாக்கத்துச் சினிமாச் சாமான் கடைகளையும் ஒரு சுற்று வாருங்கள். ஜெய்சங்கர் குதிரை ஏறிய ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ காலத்திலிருந்து ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ வரை தமிழ் கௌபாய்களுக்கு மரத்திலும் ஃபைபரிலும் துப்பாக்கி தேவைப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வரலாற்றுத் துல்லியம் பூஜ்யம்தான். ஆனால் ஒரு தமிழ்ச் சேகரிப்பில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் எனக்கு அது குறையாகத்தான் படும்.

கடையில் கையில் எடுத்ததும்

பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் போதும். துத்தநாகக் கலவையில் காந்தம் ஒட்டாது. திருகாணியிலும் வில்லிலும் ஒட்டும், அது சகஜம். குழலிலும் சிலிண்டரிலும் பச்சக் என்று ஒட்டினால் அது எஃகு. பொருளைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது சிலிண்டரின் பின்பக்கம். காட்சி மாதிரியில் காம்புகள் சிலிண்டரோடு சேர்த்து வார்த்திருக்கும், துளை இருக்காது. சுடும் வகையில் ஒவ்வொரு காம்பும் தனியாகத் திருகி உட்கார்ந்திருக்கும், நடுவே ஊசித் துளை தெரியும்.

பிறகு முத்திரைகள். இத்தாலியத் தயாரிப்பில் கார்தோனே ஊர்ச் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். அதோடு கரிமருந்துக்கு உரியது என்று குறிக்கும் ‘பிஎன்’ என்ற இரண்டு எழுத்து. பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் தயாரித்த ஆண்டின் குறி. 1974 வரை ரோமன் எண்களில் போட்டார்கள். 1975க்கு ‘ஏஏ’ என்று தொடங்கி அதற்குப் பிறகு ஆங்கில எழுத்துகள். ‘பிஎன்’ இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டுப் பொருளும் அல்ல, காட்சிப் பொம்மையும் அல்ல. உரிமம் இல்லாமல் தொடக்கூடாத துப்பாக்கி. இத்தாலியில் இந்தத் தொழில் சூடுபிடித்ததே 1950களின் கடைசியில்தான், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது. உபெர்ட்டி நிறுவனம் தொடங்கியது 1959இல். ஆகவே இவற்றில் மிகப் பழையதற்கே வயது எழுபதைத் தாண்டாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இப்படி ஒரு பேரம் நடந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “ஜமீன் வீட்டுச் சரக்கு சார், நூத்தம்பது வருசம்” என்றார் கடைக்காரர். வாங்க வந்தவர் குழலின் அடிப்பக்கத்தைக் காட்டி, “இங்க மட்டும் ஏன் அண்ணாச்சி பள்ளமா இருக்கு?” என்று கேட்டார். அரம் போட்டு முத்திரையைத் தேய்த்த இடம் அது. சுற்றிலும் கறுத்துப் போயிருந்த இரும்பில் அந்தக் கட்டைவிரல் அகல இடம் மட்டும் மழுங்கி, லேசாகக் குழிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். கடைக்காரர் பேச்சை மாற்றி ஒரு பித்தளைக் குத்துவிளக்கை எடுத்துக் காட்டினார். முத்திரை தேய்ந்துபோவது வேறு, தேய்க்கப்படுவது வேறு. தேய்த்தவனுக்கு மறைக்க ஏதோ இருந்திருக்கிறது.

அசல் கோல்ட் என்று யாராவது காட்டினால், குழல், சட்டகம், விசைக்காப்பு, கைப்பிடிப் பட்டை ஆகியவற்றில் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது உலக வழக்கம். பார்க்கலாம், அறிவுக்காக. பெயரை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஓர் அண்ட் சன்ஸின் பெயர் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் ஏலங்களில் வருகின்றன. குழலில் மதராஸ் பெயர் இருப்பதால் மதராஸில் செய்தது என்று ஆகிவிடாது. இங்கிலாந்தில் செய்ததை வரவழைத்துக் கடைப் பெயரைப் பொறித்து விற்பது அந்தக் கால வழக்கம்.

100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. கலிபோர்னியாவில் இருக்கும் மகனுக்குத் தாத்தாவின் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பலாம் என்ற யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

‘மாற்றம்’ என்ற அத்தியாயம், சரித்திரத்தில்

கேப் ரிவால்வரைத் தோட்டா ரிவால்வராக மாற்றிய கதைதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையான பகுதி. பட்டறையில் செய்து பார்க்க வேண்டியதில்லை, அலமாரியில் காட்டினாலே போதும்.

1855 ஏப்ரலில் ரோலின் ஒயிட் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். சிலிண்டரின் அறையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை முழுக்கத் துளைத்து, பின்னாலிருந்து தோட்டா போடும் ஏற்பாட்டுக்கான காப்புரிமை. அந்த உரிமை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கைக்குப் போனது. 14 ஆண்டுகள் வேறு யாரும் அமெரிக்காவில் அப்படிச் செய்ய முடியவில்லை. உலகத்திலேயே பெரிய ரிவால்வர் கம்பெனியான கோல்ட், உள்நாட்டுப் போர் முழுவதும் தொப்பியையும் கரிமருந்தையும் வைத்தே காலம் தள்ளியதற்கு இதுதான் காரணம். தொழில்நுட்பம் தெரியாமல் அல்ல, வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து. ரெமிங்டன் 1868இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு ராயல்டி கட்டிவிட்டுத் தன் பழைய ரிவால்வர்களை மாற்றி விற்றது. கோல்ட் ஒரு குறுக்கு வழி பார்த்தது. தூயர் என்ற அதன் ஊழியர், தோட்டாவை முன்பக்கமாகவே சொருகும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். காப்புரிமையில் சிக்காது என்பதைத் தவிர அதில் வேறு நன்மை இல்லை. வாங்க ஆளில்லை.

1869 ஏப்ரலில் ஒயிட்டின் காப்புரிமை காலாவதியானது. கோல்ட் கிடங்கில் பழைய குழல்களும் சட்டகங்களும் குவிந்து கிடந்தன, ராணுவத்திடமும் ஆயிரக்கணக்கில் இருந்தன. இரும்பை வீணாக்க யாருக்கு மனம் வரும்? 1871இல் சார்லஸ் ரிச்சர்ட்ஸ் ஒரு முறையும், அடுத்த ஆண்டு வில்லியம் மேசன் அதைத் திருத்தி எளிதாக்கிய இன்னொரு முறையும் கொண்டுவந்தார்கள். 1873இல் கோல்ட்டின் புதிய தோட்டா ரிவால்வரான ‘பீஸ்மேக்கர்’ வந்த பிறகு இந்த மாற்று ரிவால்வர்களுக்கு மெல்ல மெல்ல வேலையில்லாமல் போனது. இடைப்பட்ட சில ஆண்டுகளின் பொருள் என்பதால்தான் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு இப்படி அலைகிறார்கள்.

அடையாளம் காண்பது எளிது. கேப் ரிவால்வரில் குழலுக்குக் கீழே ஈய உருண்டையை அமுக்கும் நெம்புகோல் தொங்கும். மாற்றியதில் அது போய், வலப்பக்கம் காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பி வந்திருக்கும். பின்பக்கம் காம்புகள் இருந்த இடத்தில் வட்டத் தகடு. 1966இல் வந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ படத்தை அடுத்த முறை பார்க்கும்போது கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் கையைக் கவனியுங்கள். கதை நடப்பது 1862இல், கையிலிருப்பது தோட்டாவுக்கு மாற்றிய நேவி கோல்ட். ஒன்பது பத்து ஆண்டு முன்னதாகவே வந்துவிட்டது. இந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

அலமாரியில் 1851 நேவியை இடப்பக்கமும் பீஸ்மேக்கரை வலப்பக்கமும் வையுங்கள். நடுவில் மாற்று ரிவால்வரின் பெரிய படம் ஒன்று, மேலே சொன்ன வேறுபாடுகளுக்கு அம்புக்குறி போட்டு. மூன்றும் சேர்ந்து கதையைச் சொல்லிவிடும்.

உங்கள் கையால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அரித்தால் கைப்பிடியை மாற்றுங்கள். காட்சி மாதிரிகளில் வரும் கைப்பிடி மட்டமான மரத்தில் மினுமினுவென்று வார்னிஷ் அடித்திருக்கும். தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து ஈட்டி மரத்திலோ பழைய தேக்கிலோ செய்து, ஆளி விதை எண்ணெய் பூசித் துடைத்தால் பொருளின் முகமே மாறிவிடும். உலோகத்தின் பளபளப்பைக் குறைத்துப் பழசாகக் காட்டுவதும் சட்டத்துக்கு விரோதமில்லை. ஆனால் கைப்பிடியின் உட்பக்கத்தில் ‘மாதிரி’ என்றும் வேலை செய்த ஆண்டையும் அழியாதபடி பொறித்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு யாரும் அதை அசல் என்று விற்றுவிடக் கூடாது. குழலிலோ சிலிண்டரிலோ டிரில் படவே கூடாது.

கடற்காற்று

சாந்தோம், பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னல் கம்பிக்கு எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் துரு தலைகாட்டும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பு எங்கே இருந்தாலும் தின்னும்.

அலமாரியைக் கிழக்குச் சுவரில், கடல் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வீட்டின் நடுச் சுவர் நல்லது. கண்ணாடிக் கதவுக்கு ரப்பர் பட்டி போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி மாற்ற வேண்டும். தோல் உறையில் போட்டு வைப்பது படத்துக்கு அழகு, பொருளுக்கு எமன். தோல் பதனிட்ட அமிலமும் அது உறிஞ்சும் ஈரமும் சேர்ந்து ஒரே மழைக்காலத்தில் புள்ளி விழச் செய்துவிடும். உறையைத் தனியாகத் தொங்கவிடுங்கள்.

கையில் எடுக்கும்போது பருத்திக் கையுறை. வியர்வையும் உப்புதான். எடுத்து வைத்த பிறகு மெல்லிய துணியால் துடைத்து, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் ரெனசான்ஸ் வேக்ஸைச் சன்னமாகப் பூசுங்கள். கிடைக்காவிட்டால் எஃகுத் திருகாணிகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். நேவி கோல்ட்டில் விசைக்காப்பும் கைப்பிடிப் பட்டையும் பித்தளை நிறத்தில் இருக்கும். வீட்டில் யாராவது குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாதிரிகளில் அது பித்தளையே அல்ல, மேலே முலாம். புளியும் பிராசோவும் முலாமை உரித்து அடியிலிருக்கும் சாம்பல் நிறத்தை வெளியே கொண்டுவந்துவிடும். பூச்சு கொப்புளிக்க ஆரம்பித்தால் கீறாதீர்கள். உலர்ந்த இடத்துக்கு மாற்றி மெழுகு பூசினால் பரவுவது குறையும், போனது திரும்பி வராது.

அசலைப் பார்க்க

அசலைப் பார்க்க ஆசை இருந்தால் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், செலவு சில ரூபாய்தான். கலங்கரை விளக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் 1948இல் திறந்தது. கம்பெனிக் காலத்து வாள், கைத்துப்பாக்கி, பீரங்கிக் குண்டு எல்லாம் அங்கே இருக்கின்றன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த பொருள்கள் உண்டு. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. எழும்பூரிலேயே பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021இல் தொடங்கிய காவல்துறை அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் காவல் துறை பறிமுதல் செய்த நாட்டுத் துப்பாக்கிகளை நேரில் பார்த்தால், காவலர்கள் ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று சொல்வது எது என்று விளங்கும். ஒற்றைக் குழல், வாய்வழி மருந்து இடும் வகை. கல்வராயன், ஜவ்வாது மலைகளில் சமீப காலம்வரை புழங்கிய இந்தத் துப்பாக்கிகளில் பலவும் தொப்பி வைத்துச் சுடுபவைதான். கோல்ட் கைவிட்ட தொப்பியை நம் மலைக் கொல்லர்கள் கைவிடவில்லை என்பது தெரியும்.

சில வீட்டுக் காரியங்கள்

சுடாத மாதிரியானாலும் வெளியே எடுத்துப் போகும்போது பெட்டியில், பில்லோடு. விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். மொட்டை மாடியில் நின்று நீட்டிப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடாதீர்கள். பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது, காவல் நிலையத்துக்கு வரும் போனும் அப்படியே வரும். தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது வழக்கம். மாதிரிக்கு அது பொருந்தாது. ஆனாலும் அந்த மாதங்களில் கண்காட்சி, பேரம் எல்லாவற்றையும் தள்ளிப்போடுவது நல்லது.

கடைசியாக, பழைய வீடுகளுக்கு. மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும்போது பரணிலிருந்து பெரியப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று இறங்குவது புதிதல்ல. வாய்வழி மருந்து இடும் துப்பாக்கியைப் பெரும்பாலும் சுட்டுத்தான் காலி செய்வார்கள், சுடாமலே மூட்டை கட்டி வைத்திருந்தால் மருந்து இன்னும் உள்ளேயே இருக்கலாம். எத்தனை ஆண்டானாலும் கரிமருந்தை நம்பக் கூடாது. குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், ‘சுத்தம் செய்யலாம்’ என்று அடுப்படிக்குக் கொண்டு போகாதீர்கள், குழலின் முன்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். உரிமம் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே சட்டப்படி சரியில்லை. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சட்டத்தின் பிரிவு 21 வழி செய்கிறது. வாரிசு பெயரில் உரிமம் கேட்பதும் அதற்குப் பிறகுதான். ஒப்படைப்பதற்காக நீங்களே அதைத் துணியில் சுற்றி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.